எட்டுப் பேருக்கும் என் முட்டி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் பாதி அந்தக் கோபம் இழுத்துவிட்ட வினை. வார நாட்களில் நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மட்டும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் பெரியவர்களுக்குக் கராத்தே சொல்லித்தருகிறேன். கீழே சேலைக்கடை. அவர்கள் கடையைத் திறந்து பாட்டுப் போடுவதற்குள் நாங்கள் கத்தி முடித்துவிட வேண்டும் என்பது கடைக்காரருக்கும் எனக்கும் பேச்சு.

மொத்தம் ஒன்பது பேர். எல்லாரும் முப்பது தாண்டியவர்கள். தொப்பையைக் குறைக்க வந்தவர்கள், டாக்டர் சொல்லி வந்தவர்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருக்க வந்தவர்கள். அவர்களில் ஒருவர்தான் டீச்சர். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நாற்பத்தேழு வயது. காலை கொமுட்டர் ரயிலைப் பிடித்து, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, நடந்து வருவார். எட்டு வருடத்தில் ஒருநாள் கூடத் தாமதமாக வந்ததில்லை. நான் என்ன காட்டினாலும் அதை அப்படியே வாங்கிக்கொள்கிற மாணவி. என் வகுப்பிலேயே அவரைத்தான் நான் அதிகமாகத் திட்டியிருக்கிறேன்.

காரணம் அந்தத் திருப்பம். கறுப்புப் பட்டைக்கான தேர்வில் ஒரு கட்டா செய்துகாட்ட வேண்டும். எதிரே ஆள் இல்லாமல், தனியாக, வரிசை மாறாமல் போடுகிற அடிகளும் தடுப்புகளும்தான் கட்டா. எங்களுடைய கட்டாவில் முதுகுப் பக்கமாகத் திரும்புகிற இடம் நான்கு முறை வரும். இடுப்பைச் சுழற்றித் திரும்பி நிற்கும்போது வலது குதிகால் தரையில் அழுந்தியிருக்க வேண்டும். அது மிதந்தால் தேர்வாளர் பேனாவை எடுத்துவிடுவார். டீச்சருக்கு மிதந்தது. ஒரு தேர்வில் மிதந்தது, அடுத்ததிலும் மிதந்தது, இரண்டு முறையும் தோல்வி. இரண்டாவது முறை அவரோடு போன என் மற்ற மூன்று மாணவர்களும் அதே இடத்தில் விழுந்தார்கள்.

தேர்வாளர் ஒரு சீனப் பெரியவர். முகத்தில் எதையும் காட்டாத மனிதர். அன்று தாளை என்னிடம் நீட்டியபோது மலாயில் மெதுவாகச் சொன்னார், "செமுவா சாமா லா." எல்லாம் ஒரே மாதிரி என்று. என் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி மக்குகள் என்று சொல்கிறார் என நினைத்து எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. காரில் வரும்போது நான்கு பேரையும் காய்ச்சி எடுத்தேன். "ஆயிரம் தடவை சொல்லியாச்சு, குதிகால், குதிகால்னு. காதுல என்னதான் வச்சிருக்கீங்க?"

கிள்ளானில் டீச்சரை இறக்கிவிட்டபோது அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணு தடவைக்கு மேல விடமாட்டாங்க, அப்புறம் ரெண்டு வருஷம் காத்திருக்கணும். இன்னொரு தடவைதான் மாஸ்டர். அதுலயும் போச்சுன்னா நான் நிறுத்திக்கறேன். என் உடம்பு மக்கு. ஏற மாட்டேங்குது."

அப்போது எனக்கு இரக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சரிதான், மக்குதான் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

அதற்கு அடுத்த மாதம்தான், பிறகு நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட அந்த அம்மா வந்தார். எங்கள் கடைவீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை செய்கிறவர். பிறவியிலேயே பார்வை இல்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடப்பதற்காக நடைபாதையில் காலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி மேடு மேடான மஞ்சள் கட்டைகள் பதித்திருப்பார்கள், நம்மாட்கள் அதன் மேல்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்கள். அந்த மோட்டார்களை எல்லாம் கோலால் தட்டித் தட்டி விலகி வந்து, மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார், "மாஸ்டர் யாரு?"

நான் தயங்கினேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அடிக்கறதுக்கு இல்ல மாஸ்டர். எனக்கு விழாம நிக்கத் தெரியணும். ரோடு தாண்டி விடறேன்னு வராங்கள்ல, கேக்காமலேயே கையப் புடிச்சு இழுத்துருவாங்க. நல்லவங்கதான். ஆனா ஒவ்வொரு தடவையும் நான் பாதி விழுந்து எந்திரிக்கறேன்."

இதற்கு என்ன மறுப்புச் சொல்வது? வரிசையின் கடைசியில் நிறுத்தினேன்.

முதல் அரை மணி நேரத்திலேயே எனக்கு வியர்த்துவிட்டது. நான் இருபது வருடமாக வகுப்பு நடத்துகிறவன். என் வாயிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருவது ஒரே சொல்தான், "பாருங்க." பாருங்க, இப்படி. பாருங்க, இந்தக் கை இங்கே. அக்கா அமைதியாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. இருபது வருடமாக நான் எதையும் சொல்லித்தரவே இல்லை, காட்டிக்கொண்டு மட்டுமே இருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டு மூன்று ஞாயிறு எப்படியோ ஓட்டினேன். பிறகு திருப்பத்தைச் சொல்லித்தர வேண்டிய நாள் வந்தது. அக்காவே வழி சொன்னார்.

"நான் தொட்டுப் பாக்கலாமா மாஸ்டர்? நீங்க செய்ங்க, நான் கைய வச்சிருக்கேன்."

ஒரு கையை என் இடுப்பிலும் மற்றொரு கையை முதுகின் நடுவிலும் வைத்தார். நான் திரும்பினேன். "இன்னொரு தடவை" என்றார். திரும்பினேன். மூன்றாவது முறை கீழே உட்கார்ந்து என் வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். திரும்பினேன். எழுந்து நின்று, சாதாரணமாகக் கேட்டார்.

"வலது முட்டில எப்ப அடி பட்டுச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது வழுக்கி, முட்டி திருகிக்கொண்டது. மூன்று மாதம் வகுப்புக்கு லீவு விட்டேன். ஊருக்குப் போகிறேன் என்று பொய் சொன்னேன். நொண்டுகிற மாஸ்டரிடம் யார் கற்றுக்கொள்ள வருவார்கள்? என் மனைவியைத் தவிர ஒரு ஈ காக்கைக்குக்கூட அது தெரியாது. இந்த அம்மா மூன்று திருப்பத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"இருக்கு மாஸ்டர். திரும்பறப்போ வெயிட் வலது பக்கம் வரவே மாட்டேங்குது. இடது காலுக்கு ஓடிருது. குதிகால் மேலயே நிக்குது."

ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, கராத்தே தெரிஞ்சவங்க நீங்களா நானா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். வகுப்பை அரை மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. மனைவி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்து, "நான் ஒரு தடவை திரும்பறேன், படம் புடி" என்றேன். அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டி வாயை அடைக்கலாம் என்ற ஆத்திரம். போட்டுக் காட்டினால் அவர் எப்படிப் பார்ப்பார் என்றுகூட யோசிக்கவில்லை, அவ்வளவு கோபம். மனைவி எடுத்தாள், சிரித்தாள், மறுபடி வெங்காயத்துக்குப் போய்விட்டாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது முறை புரிந்தது. படத்தில் திரும்பியது டீச்சர். முகம் என்னுடையது, தொப்பை என்னுடையது, ஆனால் அந்தத் திருப்பம் டீச்சருடையது. அதே மாதிரி இடுப்பு அரை நொடி பின்தங்குகிறது. அதே மாதிரி வலது குதிகால் ஒரு விரல்கடை மேலே நிற்கிறது. டீச்சரிடம் எட்டு வருடமாக நான் திட்டித் தீர்த்த ஒவ்வொன்றும் அதில் இருந்தது. தேர்வு முடிந்த பிறகு நான் மாணவர்களின் படங்களை நூறு முறை பார்த்திருக்கிறேன். என்னை நான் ஒருமுறையும் எடுத்துப் பார்த்ததில்லை.

"உங்களுக்கு இது தெரியாதா?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "பன்னெண்டு வருஷமா மாடிப்படியே பக்கவாட்டுலதான ஏறறீங்க. வேணும்னே செய்றீங்கன்னு நெனச்சேன்."

அந்த வாரம் முழுக்க வேலையில் மனசு ஒட்டவில்லை. லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பேன். எனக்கு அவமானம் ஒரு பக்கம். ஆனால் அதைவிடப் பெரியதாக வேறு ஒன்று இருந்தது, அதற்கு ஆச்சரியம் என்ற சொல் போதாது. நான் வாயால் ஒன்றைச் சொன்னேன், உடம்பால் வேறொன்றைச் செய்தேன். அவர்கள் என் வாயை விட்டுவிட்டு என் உடம்பைப் பிடித்துக்கொண்டார்கள். வலி இல்லாத கால்களில் என் வலியை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். மனிதர்கள் இவ்வளவு முழுசாக இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொள்வார்களா என்று நினைக்க நினைக்க மெய் சிலிர்த்தது, பயமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு எல்லாரையும் தரையில் உட்காரச் சொன்னேன். லிஃப்ட் குழி, மூன்று மாதம் லீவு, பொய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"மாஸ்டர், குதிகால் கொஞ்சம் தூக்கி இருக்கறது நம்ம கராத்தே கிளாஸ் ஸ்டைல்னுதான் நான் நெனச்சேன்."

"நானும்தான்" என்றார் இன்னொருவர். "நீங்க குதிகால் குதிகால்னு சொல்றது, நல்லா தூக்குன்னு சொல்றீங்கன்னு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினேன். போன வாரம் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். எல்லாரையும் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். ஒவ்வொருவரும் எழுந்து நின்று திரும்பினார்கள். அக்கா ஒவ்வொருவர் இடுப்பிலும் கையை வைத்து, தலையைச் சாய்த்து, ஏதோ தூரத்துச் சத்தத்தைக் கேட்பவர் மாதிரி நின்றார். வரிசை முடிந்ததும் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எட்டுப் பேருக்கும் உங்க முட்டி மாஸ்டர். கடைசியா நிக்கறாரே, சேர்ந்து ரெண்டு மாசம்தான ஆச்சு? அவருக்கு இன்னும் வரல."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நான் அவரிடம் போனேன்.

"உங்க உடம்பு மக்கு இல்ல டீச்சர். என் தப்ப ஒண்ணு விடாம கத்துக்கிட்டது உங்க உடம்பு. மக்கு நான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எட்டு வருஷம் மாஸ்டர்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன், போயிருந்தாலும் கேட்க எனக்கு வாய் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்.

"கிரேடிங் பரீட்சைக்கு இன்னும் பத்து வாரம் இருக்கு. என்ன செய்யணும், சொல்லுங்க."

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது, நான் திரும்பிக் காட்டவே கூடாது. அந்தப் பத்து வாரமும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வகுப்பு நடத்தினேன். கையைக் காலை ஆட்டாமல் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொல்லி முடியாது. ஒரு சொல் போட்டுப் பார்ப்பேன், அது விளங்காது, வேறொன்று போடுவேன். பாசார்ல காய்கறி வாங்கிட்டு வரீங்க, ரெண்டு கையிலயும் பை, கார் கதவ இடுப்பால சாத்தறீங்க, அப்படித் திரும்புங்க என்று ஒருநாள் சொன்னேன். நாலைந்து பேருக்குப் பளிச்சென்று வந்துவிட்டது. டீச்சருக்கு வரவில்லை. எட்டு வருடப் பழக்கம் அவர் எலும்புக்குள் போயிருந்தது.

அவருக்குச் சொல் கொடுத்தது அக்காதான். ஒரு கையை டீச்சரின் இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார், "நான் நடக்கறப்போ, மஞ்சக் கட்டை எங்க இருக்குன்னு செருப்ப மீறி குதிகால்ல தெரியும். நீங்களும் திரும்பினதும் அடுத்த அடிக்கு ஓடாதீங்க டீச்சர். கீழ என்ன இருக்குன்னு குதிகாலால கேட்டுட்டு அப்புறம் போங்க."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினார். குதிகால் தரையில் இருந்தது. அடுத்ததில் மிதந்தது. அதற்கடுத்ததில் தரையில். பத்தில் ஆறு, பத்தில் ஏழு என்று ஒவ்வொரு வாரமும் கூடிக்கொண்டே வந்தது. வார நாட்களில் பள்ளியில் வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் பழகுவதாகச் சொன்னார். பிள்ளைகள் டீச்சருக்கு என்ன ஆச்சு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களாம்.

தேர்வு கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அதே சீனப் பெரியவர்தான். அக்காவும் எங்களோடு வந்திருந்தார், சுவர் ஓரம் என் பக்கத்தில் நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் நடுவில் போய் நின்று தலை வணங்கினார். இருபது வருடத்தில் எத்தனையோ பேரைத் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறேன், யாருக்காகவும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

முதல் திருப்பம் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் தரை அதிர்ந்தது எனக்கே கேட்டது. நான்காவதில் அவருக்கு மூச்சு வாங்கியது. திரும்பினார். அக்காவின் விரல்கள் என் முழங்கையில் இறுகின. "மிதக்குது" என்றார் என் காதோடு. குதிகால் தரையில் படுகிற சத்தம் வராததிலேயே, நான் பார்ப்பதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. டீச்சரின் குதிகால் மேலே நின்றது. பழைய டீச்சராக இருந்தால் அடுத்த அடிக்கு ஓடியிருப்பார். இந்த டீச்சர் நின்றார். ஒரு மூச்சு நேரம் இருக்கும். குதிகாலை மெதுவாக இறக்கித் தரையில் அழுத்தினார். பிறகுதான் அடியைப் போட்டார்.

பெரியவர் பேனாவை எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டார்.

டீச்சர் தேறிவிட்டார். அவரோடு போனவர்களில் இருவர் தேறினார்கள், ஒருவர் தேறவில்லை. தாளை நீட்டியபோது பெரியவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "செமுவா சாமா" என்று அன்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இப்போது தெரியும். அந்த மனிதர் என்னைத்தான் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கறுப்புப் பட்டை வாங்கியவர்களில் மூத்தவர் அதற்கு அடுத்த ஞாயிறு வகுப்பை நடத்த வேண்டும். மாஸ்டர் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்க வேண்டும். முன்பெல்லாம் அது ஒரு விளையாட்டு மாதிரி நடக்கும், நானும் சும்மா நின்று சிரித்துவிட்டுப் போவேன். அன்று டீச்சர் முன்னால் வந்து நின்றதும் யாரும் சிரிக்கவில்லை. புதுப் பட்டை மடங்காமல் விறைப்பாக நின்றது. ஜப்பானிய மொழியில் எண்ணத் தொடங்கினார், நாங்கள் எண்ணுக்கு ஒரு அடியாகப் போட்டுக்கொண்டு வந்தோம். திருப்பம் வந்தது. எல்லாரும் திரும்பினோம்.

டீச்சர் எண்ணுவதை நிறுத்திவிட்டு வரிசைகளைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், குதிகால்."

"எனக்கு முட்டி" என்றேன்.

என் பக்கத்தில் நின்ற அக்கா குனிந்து, இரண்டு கைகளாலும் என் முட்டியைப் பிடித்துப் பார்த்தார். கட்டை விரலால் ஓரங்களில் அழுத்தினார். "இது ஆறி ரொம்ப வருஷம் ஆச்சு மாஸ்டர். வலிக்குதா? இல்லல்ல. பயம்தான் ஆறல."

உண்மையில் வலிக்கவில்லை. கடைசியாக எப்போது வலித்தது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. டீச்சர் என் இடுப்பில் கையை வைத்தார். எட்டு வருடம் நான் திட்டிய டீச்சர், திட்டு எதுவும் இல்லாத குரலில் சொன்னார்.

"விழ மாட்டீங்க. நான் புடிச்சிருக்கேன். திரும்பிட்டு, கீழ என்ன இருக்குன்னு கேளுங்க. அவசரமே இல்ல."

திரும்பினேன். உடம்பு இடது பக்கம் ஓடப் பார்த்தது, அவர் கை விடவில்லை. குதிகால் கீழே இறங்கியது. மரப்பலகையின் குளிர்ச்சி பாதத்தின் பின்பக்கம் முழுக்கப் பரவியது. என் முழு எடையும் வலது காலில் நின்றது. முட்டி தாங்கியது. பன்னிரண்டு வருடம் கழித்து நான் இரண்டு காலில் நின்றேன், எல்லார் முன்னாலும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. டீச்சர் அதைப் பார்க்காத மாதிரி முன்னால் போய் நின்று, அடுத்த எண்ணைச் சொன்னார்.